அந்தப் பாட்டில்கள் ஏன் காலியாகவில்லை?

கேள்வி: டெல்டா பக்கம் ஓர் ஊரில் எங்களுக்கு மூன்று மாடி ஜவுளிக்கடை. மாமனார் தொடங்கியது. காலை ஒன்பதரைக்குத் திறந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் மூடுவோம். ஐம்பது பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்களை எங்கள் வீட்டுப் பிள்ளைகளாகத்தான் நினைக்கிறோம். போன வருஷம் இலவச மருத்துவ முகாம் வைத்தோம், யோகா வகுப்பு நடத்தினோம், பதினோரு மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி தருகிறோம். ஆளுக்கு ஒரு பாட்டில் ஆர்.ஓ. தண்ணீரும் கொடுக்கிறோம். ராத்திரி பார்த்தால் பாதிப் பாட்டில்கள் தொடாமல் அப்படியே இருக்கின்றன. தங்கள் உடம்பு மேல் அவர்களுக்கே அக்கறை இல்லை. அரட்டை அதிகமானதால், செக்‌ஷனை விட்டு யார் நகர்ந்தாலும் நோட்டில் நேரம் எழுதிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார் மாமா. அப்படியும் காய்ச்சல், நீர்க்கடுப்பு, இடுப்பு வலி என்று மாறி மாறி லீவு. தீபாவளி நெருக்கத்தில் இரண்டு பெண்கள் சொல்லாமல் நின்றுவிட்டார்கள். அவர்கள் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். கவுன்சலிங்குக்கு ஆள் வைத்தால் இவர்கள் மாறுவார்களா?

பதில்: கவுன்சலிங் இருக்கட்டும் அம்மா. அந்தப் பாட்டில்களைப் பற்றிப் பேசுவோம்.

பதினோரு மணி நேரத்துக்கு மேல் திறந்திருக்கும் கடை. வருகிறவர்களிடம் ஓயாமல் பேசி, புடவையை விரித்து, மடித்து, மறுபடி விரிக்கிற வேலை. தொண்டை வறண்டு போகும். தண்ணீர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அப்படியும் ஒருத்தி குடிக்கவில்லை, அவள் பக்கத்தில் நிற்பவளும் குடிக்கவில்லை என்றால், அதற்கு அக்கறையின்மை என்று பெயர் வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? குடித்தால் போக வேண்டும். போக வேண்டுமென்றால் நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டை வைத்திருப்பது பெரும்பாலும் ஓர் ஆண் சூப்பர்வைசராக இருப்பார். ‘இப்பத்தானே போனே’ என்று அவர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டிருப்பார். அன்றோடு அந்தப் பெண் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருப்பாள்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். கஞ்சி இருக்கிறது, யோகா இருக்கிறது, முகாம் இருக்கிறது. கழிப்பறையைப் பற்றி ஒரு வரி இல்லை. அது எந்த மாடியில் இருக்கிறது? ஐம்பது பேருக்கு எத்தனை? உள்ளே தாழ்ப்பாள் விழுகிறதா? விளக்கு எரிகிறதா? மாதவிலக்கு நாளில் நாப்கினைப் போட மூடி போட்ட ஒரு கூடையாவது இருக்கிறதா? குடும்பத்தாருக்கென்று தனிக் கழிப்பறை இருந்து, அதன் சாவி உங்கள் கைப்பையில் இருக்கிறது என்றால், அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் எழுதாமல் விட்டீர்களா?

நீங்கள் எழுதிய மூன்று நோய்களையும் சேர்த்துப் பாருங்கள். குடிக்காமல் இருந்து, வந்ததையும் அடக்கி வைத்தால், சிறுநீரோடு வெளியே போக வேண்டிய கிருமி உள்ளேயே பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு, அதனால் தொற்று சீக்கிரம் சிறுநீர்ப்பைக்குள் ஏறிவிடும். முதலில் நீர்க்கடுப்பு. கவனிக்காமல் விட்டுச் சிறுநீரகம் வரை போனால் குளிர்காய்ச்சல், விலாவிலும் இடுப்பிலும் வலி. கர்ப்பிணிக்கு வந்தால் குறைப்பிரசவம் வரை கொண்டுபோய் விடலாம். மாறி மாறி லீவு கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்கிறீர்களே, அவர்கள் வரிசையாக உங்களிடம் சொன்னது ஒரே வியாதியைத்தான். இடுப்பு வலியில் மீதிப் பங்கு நாள் முழுக்க நிற்பதால் வருவது. வெரிகோஸ் வெயின் வந்து கணுக்கால் வீங்கி, ராத்திரி சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுக்கிற ஜவுளிக்கடைப் பெண்கள் எனக்கு நிறையவே எழுதியிருக்கிறார்கள். முதலாளி வீட்டிலிருந்து வரும் கடிதத்தில்தான் அந்தக் கால்கள் இருப்பதில்லை.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்களும் இப்படித்தான், கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டினார்கள். தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண் அவர்களைத் திரட்டி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்கார இடம் கேட்டார்கள். 2018இல் கேரளா அதற்குச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் கடையில் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தாலும், வாடிக்கையாளர் இல்லாத மதியம் இரண்டு மணிக்கு அதில் ஒரு பெண் உட்கார்ந்தால் மாமா என்ன சொல்வார்?

‘எங்கள் வீட்டுப் பிள்ளைகள்’ என்கிறீர்கள். வீட்டுப் பிள்ளை பாத்ரூம் போக நோட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. அந்தப் பேச்சை இனி விட்டுவிடுங்கள். அவர்களுக்கென்று வீடு இருக்கிறது. அங்கே ராத்திரி பத்து மணிக்கு அம்மா வந்தால்தான் சாப்பிடுவேன் என்று காத்திருக்கும் பிள்ளை இருக்கிறது, படுக்கையில் மாமியார் இருக்கலாம். காலையில் எந்த உடம்போடு வந்தாளோ அந்த உடம்போடு அவளை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது உங்கள் பொறுப்பு. சம்பளம் கொடுத்துவிட்டதால் அந்தப் பொறுப்பு தீராது.

மாமனாரிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தயக்கம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்கு மரியாதை தர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவர் பெயரில் நடக்கும் கடையில் ஒரு தவறு நடந்தால், அதை அவர் காதில் போடுவதும் மருமகளின் கடமை. இதைப் பேச அந்த வீட்டில் உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இந்தக் கஷ்டம் அவருக்கும் உங்கள் கணவருக்கும் தானாகத் தெரிய வாய்ப்பில்லை. நீங்களும் பெண், தெரியாது என்று சொல்ல உங்களால் முடியாது. பேசுவதற்கு முன், ஒரு வாரம் அவர்களோடு நின்று பாருங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை, அவர்கள் கழிப்பறையை மட்டும் பயன்படுத்தி. பாட்டில் தண்ணீரையும் குடித்து முடியுங்கள். அப்புறம் மாமாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

நோட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். செக்‌ஷனுக்கு இரண்டு ஸ்டூல் போடுங்கள், உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். கவுன்சலிங்குக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் மாடிக்கு ஒரு பெண்கள் கழிப்பறை கட்டி, சுத்தம் செய்ய நியாயமான சம்பளத்தில் ஆள் வையுங்கள். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குச் சம்பளத்தில் பிடிக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு பெண் கையிலும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். உரிய காலம் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் சான்றோடு எடுக்கும் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இது தெரியாமலே காய்ச்சலோடு வந்து நிற்கிறவர்கள் ஏராளம்.

கடைசியாக, அந்த இரண்டு பெண்களின் சம்பளம். உழைத்த நாட்களுக்கான கூலி அது, நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமையில்லை. கணக்குப் பார்த்து முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டு நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கணவரையும் சூப்பர்வைசரையும் கூட்டிப்போக வேண்டாம். திரும்ப வேலைக்கு வா என்று கேட்கவும் வேண்டாம். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் நின்றாய் என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டுவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.