வாசகர் கேள்வி – பதில்: சிவப்பணு எண்ணிக்கை ஏன் குறைகிறது?

கேள்வி: உடலியங்கியல் பிராக்டிகலில் நானும் தோழியும் அவரவர் ரத்தத்தில் சிவப்பணுக்களை எண்ணினோம். ஒரு கன மில்லிமீட்டரில் அவளுக்கு 46 லட்சம், எனக்கு 31 லட்சம். எனக்கு ரத்தசோகையா?
– மாணவி, பாளையங்கோட்டை

முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தால் பிசகு பெரும்பாலும் கையில்தான்.

விரலைப் பிதுக்கினீர்களா? பிதுக்கினால் திசுநீரும் சேர்ந்து வந்து ரத்தம் நீர்த்துவிடும். ஸ்பிரிட் நன்றாக உலர்ந்த பிறகே குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் இரண்டாவது சொட்டை எடுங்கள். அதைப் பிப்பெட்டில் (தண்டும் குமிழும் உள்ள கண்ணாடிக் குழாய்) 0.5 கோடு வரை இழுத்து, நுனியின் வெளிப்புறத்தைத் துடைத்து, ரத்தத்தை நீர்க்கச் செய்யும் ஹேயம் திரவத்தை 101 கோடு வரை நிரப்புங்கள். வாயால் உறிஞ்சுவதை விட்டுவிட்டு ரப்பர் பல்பு கேளுங்கள்.

நீர்ப்பு 1:200 என்பதை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள். தண்டில் நிற்கும் 1 பங்கு வெறும் திரவம். குமிழுக்குள் இருப்பது 100 பங்கு, அதில் ரத்தம் 0.5. ஆகவே 200 மடங்கு. பிப்பெட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் உருட்டிக் கலக்கிய பின், முதல் இரண்டு மூன்று சொட்டுகளைக் கீழே விடச் சொல்வதும் இதனால்தான். தண்டில் நின்ற அந்தத் திரவத்தில் அணுக்களே இல்லை. அதைக் கொண்டு எண்ணும் அறையை (கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டை) நிரப்பினால் எண்ணிக்கை சரிந்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுவாகவே இருக்கலாம்.

நியூபவர் அறை எனப்படும் அந்தத் தகட்டில், மேலே மூடும் கவர்ஸ்லிப்பின் ஓரத்தைப் பிப்பெட் நுனியால் தொட்டாலே திரவம் தானாக உள்ளே போகும். பள்ளத்தில் வழிந்தாலோ குமிழி விழுந்தாலோ கழுவித் துடைத்து மறுபடி நிரப்புங்கள். அணுக்கள் படிய இரண்டு நிமிடம் விடுங்கள். நம்மூர் சித்திரை வெயிலில், மேலே மின்விசிறியும் ஓடினால், ஓரம் சீக்கிரம் காய்ந்து அணுக்கள் இழுபடும். அந்த நேரம் விசிறியை நிறுத்திவிடுங்கள்.

வெளிச்சம் கூடினால் அணுக்கள் கண்ணுக்கே தெரியாது. நுண்ணோக்கியின் கண்டென்சரை (ஒளியைக் குவிக்கும் பகுதி) இறக்குங்கள். நடுச் சதுரத்தின் நான்கு மூலை, ஒரு மையம் என ஐந்து தொகுதிகளில் 80 சிறு கட்டங்களை எண்ண வேண்டும். மேல் கோட்டிலும் இடது கோட்டிலும் தொடுவதைச் சேர்த்து, கீழ், வலது கோடுகளில் தொடுவதை விட்டுவிடுங்கள். அந்த 80 கட்டங்களின் கொள்ளளவு 0.02 கன மில்லிமீட்டர். ஆகவே 50 பெருக்கல் 200, அதாவது கிடைத்த எண்ணை 10,000-ஆல் பெருக்குங்கள். ஒரு தொகுதியில் 60, இன்னொன்றில் 110 என்று வந்தால் கலவை சரியில்லை, பெருக்கிப் பயனில்லை.

லான்செட் (விரலில் குத்தும் ஊசி) ஆளுக்கு ஒன்று, ஒரே ஒரு முறைதான். முடிந்ததும் துளைபடாத வெள்ளை டப்பாவில் போடுங்கள். தோழியின் லான்செட்டை ஒருபோதும் வாங்காதீர்கள்.

கேள்வி: பன்னிரண்டு வரை தமிழ்வழி. கல்லூரியில் உடற்கூறியல் சொற்கள் மிரட்டுகின்றன. என்ன செய்ய?
– மாணவர், ஆலங்குளம்

தமிழ்வழியில் படித்தது குறையே இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்தார். தமனி, சிரை, கணையம் என்று உங்களுக்குத் தெரிந்த சொல்லை நோட்டில் இடப்பக்கமும், புதிய சொல்லை வலப்பக்கமும் எழுதுங்கள்.

முழுச் சொல்லை மனப்பாடம் செய்யாமல் உடைத்துப் பாருங்கள். 'நெஃப்ர்' சிறுநீரகம், 'ஹெபட்' கல்லீரல், 'ஐட்டிஸ்' அழற்சி, 'எக்டமி' வெட்டி நீக்குதல். நெஃப்ரைட்டிஸ், ஹெபடைட்டிஸ், நெஃப்ரெக்டமி எல்லாம் தாமாகப் புரியும். 'டாமி' என்றால் கீறித் திறப்பது, 'ஆஸ்டமி' என்றால் திறப்பு ஒன்றை அமைப்பது. இரண்டையும் குழப்பித்தான் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள்.

இன்னொரு பொறி 'இலியம்'. காதுக்கு ஒன்றுதான், உறுப்பு இரண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'ஈ' எழுத்து வந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. 'ஐ' எழுத்து வந்தால் இடுப்பெலும்பு. காதால் கேட்டதை அன்றைக்கே எழுதிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஹியூமரஸ் (மேற்கை) எலும்பு வலதா இடதா என்று எப்படிச் சொல்வது?
– மாணவி, அம்பாசமுத்திரம்

உருண்டைத் தலை மேலே இருக்கட்டும். கீழ்முனையில் உள்ள ஆழமான ஒலிகிரனான் குழி பின்பக்கம் இருக்கட்டும். அப்படியே உங்கள் மேற்கையோடு ஒட்டிப் பிடியுங்கள். எந்தக் கையில் தலை உடம்பின் நடுவை நோக்குகிறதோ, எலும்பு அந்தப் பக்கத்தது. சொல்லும்போது இந்த அடையாளங்களை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.