தர்மாஸ்பத்திரிக்குப் பத்து ரூபாய்

கேள்வி: தர்மாஸ்பத்திரியில் எல்லாம் ஓசியில் கிடைப்பதால்தானே இத்தனை கூட்டம்? சீட்டுக்குப் பத்து ரூபாயாவது வாங்கினால் கூட்டமும் குறையும், வைத்தியத்தின் மதிப்பும் ஜனங்களுக்குத் தெரியும் அல்லவா?
(ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: அரசு ஆஸ்பத்திரிக்கு அந்தக் காலத்து ஜனங்கள் வைத்த பெயர், 'தர்மாஸ்பத்திரி'. அந்தச் சொல்லைக் கண்டு எத்தனை வருடமாயிற்று! அதற்காகவே உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தில் நான் 'ஆஸ்பத்திரி' என்று எழுதுவதைக் கண்டித்து, புலவர் ஒருவர் மாதம் தவறாமல் கார்டு போட்டுக்கொண்டிருந்தார். 'மருத்துவமனை' என்றுதான் எழுத வேண்டுமாம். மனை என்றால் இன்றைக்கு என்ன பொருள் என்று பஸ்ஸில் போகிறவர்களைக் கேட்டால் தெரியும். வழியெல்லாம் வயலுக்கு நடுவே கலர் கலராகக் கொடி நட்டு, 'மனைகள் விற்பனைக்கு' என்று எழுதியிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில்லில் அறை வாடகையைப் பார்த்தேன். சொல் பொருத்தமானதுதான் என்று புலவருக்கு எழுதிவிட்டேன்.

அவர் அதோடு விடவில்லை. சோழர் காலத்துச் சொல்லே இருக்கிறது என்று 'ஆதுலர் சாலை'யை அனுப்பிவைத்தார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள், நோயாளிக்குத் தினம் ஒரு நாழி அரிசி என்று கணக்குப்பிள்ளை எழுதியதுபோல் அத்தனையும் அதில் உண்டு. ஆதுலர் என்றால் நோயாளி; வறியவர் என்றும் பொருள். நோய் வந்தவன் வறியவனாவதற்கு அதிக நாள் ஆகாது என்று தெரிந்தவர்கள் புழங்கிய சொல். அது வடமொழி 'ஆதுர'த்திலிருந்து வந்தது என்று பதில் போட்டேன். அன்றோடு கார்டு நின்றுவிட்டது.

சோழப் பெருமை பேசுகிறவர்களும் என்மேல் கோபித்துக்கொள்ள ஒரு வாய்ப்பு. அந்த 15 படுக்கைகளும் ஊராருக்கு அல்ல. அங்கே வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும்தான். அந்தச் சோற்றுக்கு நெல் விளைத்தவனுக்கு இருமல் வந்தால் எங்கே போனான் என்று கல்வெட்டில் இல்லை. அவனும் வந்து படுக்கலாம் என்றானது உங்கள் தர்மாஸ்பத்திரியில்தான்.

பத்து ரூபாய்க்கு வருகிறேன். கூட்டம் குறையும், சந்தேகமில்லை. நீங்களும் நானும் குறைய மாட்டோம். காலில் புண்ணோடு வருகிற சர்க்கரை நோயாளி, 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று திரும்பிப் போவார். அடுத்த முறை அவர் வரும்போது புண் மட்டும் பேச்சாக இருக்காது, கால் பேச்சாக இருக்கும்.

ஓசி என்பதால் வருகிறார்கள் என்கிறீர்கள். கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்பவரைப் பார்த்திருக்கிறேன். 'வந்தது வந்தேன், பித்தப்பையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்' என்று கேட்டவரை இதுவரை பார்த்ததில்லை. அதோடு, ஓசி என்று யார் சொன்னது? விடியற்காலை டவுன் பஸ் பிடித்து, சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை என்று நின்று வீடு திரும்பும்போது அன்றைய கூலி போயிருக்கும். அவர் வாங்குகிற சோப்பிலும் செருப்பிலும் வரி தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் 'தர்ம'த்தின் மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். தர்மம் என்றால் அறம் என்று கொண்டால் சரி. 'தர்மம் போடுங்க சாமி' என்கிற தர்மமாகத்தான் நாம் அதைக் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

மதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் மூலப்பெயரில் டெண்டர் விட்டு, மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்குகிறது. பரிசோதித்துத்தான் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. பிற மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு இது. அந்த மாத்திரை அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும். கொடி நட்ட வயல்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த கண்ணுக்கு அதைவிடக் குளிர்ச்சியான வாசகம் கிடையாது.

சென்னை வண்ணாரப்பேட்டையில் இரண்டு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன் 2018இல் காலமானபோது ஊரே அழுதது. அவரிடம் போனவர்களுக்கு வைத்தியத்தின் மதிப்பு தெரியவில்லை என்று அப்போது யாரும் சொல்லவில்லை. தனி மனிதர் செய்தால் தெய்வம், அரசாங்கம் செய்தால் ஓசி.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை மறைத்தால் தப்பு. உறவினர் ஒருவரை ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் கேட்கவில்லை, நர்ஸ் கேட்கவில்லை, மருந்துக்கும் ஒரு பைசா ஆகவில்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளிவந்தவர் மட்டும் வார்டு வாசலில் நிறுத்திவிட்டு, நோயாளியைப் பார்க்காமல் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். 100 ரூபாய். உங்கள் யோசனை பத்து மடங்காக ஏற்கெனவே அமலில் இருக்கிறது ஐயா. கூட்டம் குறைந்த மாதிரி தெரியவில்லை.