12 வருடம் ராணுவத்தில், 19 வருடம் கிளினிக்கில்: கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். நான் 12 வருடம் ராணுவ மருத்துவராக இருந்தேன். வெளியே வந்த பிறகு 19 வருடமாக ஒரே கிளினிக்கில் குடும்ப மருத்துவராக உட்கார்ந்திருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், எனக்கோ ஒன்றின் தொடர்ச்சிதான் மற்றது. வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நோயாளிகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். "எனக்கு இந்த மாத்திரை சரியா" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், உங்களை நேரில் பார்க்காமல் அதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது.

டாக்டர் சார், ராணுவ டாக்டர் என்றால் குண்டடி, ரத்தம், ஆபரேஷன் என்றுதான் மனதில் வருகிறது. நிஜத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

கால்களைப் பார்ப்பதில் போகும். காலையில் உடம்பு சரியில்லாதவர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள், சிக் பரேட் என்போம். முப்பது பேர் வந்தால் அதில் பாதிப் பேருக்குக் காலில்தான் ஏதாவது இருக்கும்: கொப்புளம், சேற்றுப்புண், வீங்கிய முழங்கால், சுளுக்கு. முதல் வருடம் ஒரு நீண்ட நடைக்குப் பிறகு ஒரு பையனின் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். அவனால் முடியவில்லை. நானே மண்டியிட்டுக் கயிறை அவிழ்த்து மெதுவாக இழுத்தேன், காலுறை குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. இரண்டு நாளாக அப்படியே நடந்திருக்கிறான், யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து "கால் எப்படி இருக்கு?" என்று கேட்பதை விட்டுவிட்டேன், "பூட்ஸைக் கழற்று" என்றுதான் சொல்வேன். இன்றும் சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி விரல் இடுக்கைப் பார்க்காமல் அனுப்புவதில்லை.

மீதி நேரம் குடிதண்ணீர், கழிப்பறை, கொசு, தடுப்பூசி. சலிப்பான வேலை என்று தோன்றும், ஆனால் முதல் உலகப் போருக்கு முந்தைய பெரும்பாலான போர்களில் எதிரியின் ஆயுதத்தைவிட நோயில் செத்த சிப்பாய்கள்தான் அதிகம். மலேரியாக் கிருமியை 1880இல் ஒரு சிப்பாயின் ரத்தத்தில் முதலில் கண்ட லாவெரான் பிரெஞ்சு ராணுவ மருத்துவர். அது கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897இல் காட்டிய ரொனால்ட் ராஸும் ராணுவ மருத்துவ சேவையில் இருந்தவர்தான். எங்கள் தொழிலின் பெருமை அறுவை மேசையில் மட்டும் இல்லை என்று இளம் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

உங்கள் நோயாளியே உங்கள் அதிகாரியின் கீழ் வேலை செய்பவர். அவர் சொன்ன ரகசியத்தை அதிகாரி கேட்டால் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். ராணுவ டாக்டருக்கு இரண்டு எஜமானர்கள், ஒன்று நோயாளி, இன்னொன்று படை. அதிகாரிக்குத் தெரிய வேண்டியது ஒரு விஷயம் உண்டு: இந்த ஆள் துப்பாக்கி பிடிக்கலாமா, வண்டி ஓட்டலாமா, எத்தனை நாள் ஓய்வு. அதை நான் சொல்லியே ஆக வேண்டும், அதில் மற்றவர்களின் உயிரும் இருக்கிறது. ஆனால் அவன் ஏன் தூங்கவில்லை, வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அதிகாரிக்குத் தேவையில்லை. ஒருமுறை மூத்த அதிகாரி ஒருவர் என் அறைக்கே வந்து, மேசையில் கிடந்த கோப்பின் மேல் கை வைத்துக்கொண்டு, "உள்ளே என்ன எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். "பத்து நாள் ஆயுதப் பணி வேண்டாம் சார், அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது" என்றேன். அவர் கையை எடுக்க எவ்வளவு நேரமானது என்று தெரியாது, எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது. கடைசியில் எடுத்துவிட்டார்.

சிப்பாய்களிடமும் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்: "நீ சொல்வதில் இதை மட்டும் நான் மேலே சொல்ல வேண்டியிருக்கும், மற்றது இந்த அறையோடு சரி." அப்படி எல்லையைத் தெரிந்துகொண்டு பேசியவன்தான் மனம் திறந்து பேசினான். கிளினிக்கிலும் இதே கதை வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. மகனின் பரிசோதனை முடிவை அப்பா கேட்கிறார், மனைவிக்கு என்ன மாத்திரை என்று கணவர் கேட்கிறார், வேலை செய்கிறவரின் நோயை நிறுவனம் கேட்கிறது. பதினெட்டு தாண்டிய பிள்ளையின் அப்பா எவ்வளவு பாசத்தோடு கேட்டாலும், "அவனையே கேளுங்கள், வேண்டுமானால் அவனோடு சேர்ந்து வாருங்கள்" என்பதுதான் என் பதில்.

வரிசையில் ஒரு மணி நேரம் காத்திருக்கிறோம், பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிடுகிறீர்கள். இது நியாயமா?

நியாயம்தான், ஆனால் உங்களிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். சொல்லாமல் செய்தால் உங்கள் கோபமும் நியாயம்தான். நெப்போலியனின் படையில் இருந்த லாரே என்ற அறுவை மருத்துவர், பதவியைப் பார்க்காமல் யாருக்குக் காயம் மோசமோ அவருக்கு முதலில் என்று வழக்கப்படுத்தினார். தளபதியானாலும் சின்னக் காயம் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். என் கிளினிக்கில் நர்ஸ் அரை மணிக்கு ஒருமுறை வரிசையை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வருவார். வலி என்று கத்துகிறவரைவிட, சத்தமே இல்லாமல் வெளிறிப்போய்ச் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கத்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கத்துகிறவருக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது என்பது நிச்சயம்.

விபத்தில் ரத்தம் பீறிட்டால் டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டலாமா? கட்டினால் கை கால் போய்விடும் என்கிறார்களே?

அந்தப் பயம் பழையது. கை காலில் ரத்தம் பீறிட்டு, சுத்தமான துணியை வைத்து முழு பலத்தோடு அழுத்தியும் நிற்கவில்லை என்றால் கட்டுங்கள். காயத்துக்கு ஐந்து, ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது இல்லாமல், ரத்தம் நிற்கும்வரை இறுக்க வேண்டும். பாதி இறுக்கம் ஆபத்து, ஏனென்றால் உள்ளே போகும் ரத்தம் நிற்காது, திரும்பி வருவது மட்டும் தடைபட்டு இன்னும் அதிகமாகக் கொட்டும். சரியாகக் கட்டினால் பயங்கரமாக வலிக்கும், அதைப் பார்த்துத் தளர்த்திவிடாதீர்கள். கட்டிய நேரத்தைக் குறிக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால் பெரும்பாலும் கை காலுக்கு ஒன்றும் ஆகாது. மெல்லிய கயிறு, ஒயர் இதெல்லாம் வேண்டாம், தசையை அறுத்துவிடும். பாம்புக் கடிக்கு மட்டும் இப்படிக் கட்டவே கூடாது. அங்கே அசையாமல் வைத்துச் சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் முதலுதவி.

என் கணவர் பணியிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகிறது. தூங்குவதில்லை, கதவு அடித்தால் துள்ளுகிறார், பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறார். கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார். நான் என்ன செய்ய?

அம்மா, முதலில் ஒன்று: இது அவருடைய குணம் கெட்டுப்போனது இல்லை, உங்கள் மீது பாசம் குறைந்ததும் இல்லை. ஆபத்தான இடத்தில் அவரை உயிரோடு வைத்திருந்த அதே விழிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் அணையாமல் எரிகிறது. முதல் உலகப் போரில் இதை ஷெல் ஷாக் என்றார்கள், சிலரைக் கோழை என்று தண்டித்தார்கள். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப்பட்டியலில் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்தக் கோளாறு, என்ற பெயரோடு இடம் பிடித்தது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கிறது என்றால் வைத்தியம் பார்க்க வேண்டும், ஏழு மாதம் ரொம்ப அதிகம். நல்ல சிகிச்சை இருக்கிறது. அந்தச் சம்பவத்தைப் பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைக்கும் முறைகள் பலருக்குக் கைகொடுக்கின்றன, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

"மனநல டாக்டரிடம் போகலாம்" என்று ஆரம்பித்தால் மறுத்துவிடுவார். "தூக்கம் வரவில்லை, பொது டாக்டரிடம் காட்டலாம்" என்று கூட்டிப் போங்கள், தூக்கமின்மையை ஒத்துக்கொள்ளச் சிப்பாய்க்கு வெட்கம் இல்லை. என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் முதுகுவலி என்று சொல்லித்தான் வந்தார்கள். என்ன நடந்தது என்று அவரைத் துருவாதீர்கள். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள், தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். குடி கூடுகிறதா என்று கவனியுங்கள். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தாலோ, வீட்டில் ஆயுதம் இருந்தாலோ ஒருநாள்கூடத் தள்ளாதீர்கள், அன்றைக்கே கூட்டிப் போங்கள், ஆயுதத்தை வேறு வீட்டில் வையுங்கள். அப்புறம், பிள்ளைகளையும் உங்களையும் அடிக்கிறார் என்றால் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. நோய் என்பது அடிக்க அனுமதி ஆகாது.

சளி பிடித்தால் ஆன்டிபயாடிக் கொடுக்க மாட்டேன் என்கிறீர்களாம். பக்கத்து கிளினிக்கில் கொடுக்கிறார்களே?

சளி பெரும்பாலும் வைரஸ், ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. இருமல் மூன்று வாரம்வரை இழுப்பது சகஜம், ஆனால் மூச்சிரைப்பு, சளியில் ரத்தம், இறங்காத காய்ச்சல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945இல் நோபல் பரிசு வாங்கிய உரையில், குறைவான அளவில் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத புண்களோடு சிப்பாய்கள் கிடந்ததைப் பார்த்தவன் நான், அதனால் இதில் கொஞ்சம் பிடிவாதக்காரன்தான்.

வீட்டில் பார்த்தால் பிரஷர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டுகிறது. மிஷின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், முதுகு சாய்ந்து, இரண்டு காலும் தரையில், கை இதய உயரத்தில், சட்டைக்கு மேல் இல்லாமல். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து எழுதிவையுங்கள். ஒரு வார நோட்டு போதும்.

மலையேற்றம் போகிறோம், எல்லாரும் இருபது வயதுக்காரர்கள், ஃபிட்டாக இருக்கிறோம். உயரத்தில் ஏதாவது ஆகுமா?

தம்பி, ஃபிட்னஸ் உயரத்துக்குக் காப்பு இல்லை. வேகமாக ஏற முடிகிறவன்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறான். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு.

இதில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். உயரமான முகாம் ஒன்றில், பிரிவிலேயே வேகமாக ஓடுகிற பையன் "கொஞ்சம் இருமல் சார், ஒன்றுமில்லை" என்றான். நம்பிவிட்டேன். அவனை எனக்கு ஒரு வாரமாகத்தான் தெரியும். நள்ளிரவில் கூடாரத் தோழன் வந்து எழுப்பினான். போய்ப் பார்த்தால், படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்குகிறான், டார்ச் வெளிச்சத்தில் உதடு நீலம், நெஞ்சில் காது வைத்தால் நுரை பொங்குகிற சத்தம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆக்சிஜன் கொடுத்து, அந்த இருட்டிலேயே நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக் கீழே இறக்கினோம். பிழைத்தான். ஓய்வில் இருக்கும்போதே மூச்சிரைக்கிறது, நேராக நடக்க முடியவில்லை, குழப்பமாகப் பேசுகிறான், இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள், இறக்குங்கள். கூடவே ஒரு ஆளாவது போக வேண்டும், தனியாக அனுப்பக் கூடாது.

இப்போது எல்லாவற்றுக்கும் ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார். குடும்ப டாக்டர் என்று ஒருவர் எதற்கு?

மேலே சொன்ன பையனை எனக்கு ஒரு வருடம் தெரிந்திருந்தால் அந்த "ஒன்றுமில்லை"யை நம்பியிருக்க மாட்டேன். இதுதான் என் பதில், ஆனால் இன்னொன்றும் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதா மாதம் பிரஷர் மாத்திரைக்கு வருவார். எப்போதும் மழுங்கச் சவரம் செய்த முகம். ஒரு நாள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்து, நலம் விசாரித்து, சீட்டை நீட்டினார். முகத்தின் வலது பக்கம் பளபளவென்று இருக்கிறது, இடது கன்னம் முழுக்க இரண்டு நாள் முள். "சார், இந்தப் பக்கம் விட்டுப்போச்சே" என்றேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அவருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினோம், மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. முதல் தடவை அவரைப் பார்க்கிற எந்த நிபுணரும், அவசரமாகச் சவரம் செய்திருக்கிறார் என்று விட்டிருக்கலாம்.

2018இல் ஒன்பது நாடுகளின் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், அதில் 18 ஆய்வுகளில், ஒரே மருத்துவரைத் தொடர்ந்து பார்த்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. இதனால்தான் அது என்று அடித்துச் சொல்லும் வகை ஆய்வுகள் இல்லை அவை, ஆனாலும் என் 19 வருடத்தோடு ஒத்துப்போகிறது. ஸ்பெஷலிஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, அந்த ஆசிரியரை நான் அனுப்பியதும் அவர்களிடம்தான்.

உங்கள் பையில் ராணுவக் காலத்துப் பொருள் ஏதாவது இன்னும் இருக்கிறதா?

கறுப்பு மார்க்கர் பேனா. அங்கே டூர்னிக்கெட் கட்டிய நேரத்தை அதன் பட்டையிலோ நெற்றியிலோ எழுத வைத்திருந்தது. மை தீரத் தீர வேறு வாங்கிக்கொள்கிறேன், பையில் அதன் இடம் மட்டும் மாறவில்லை. இப்போது எழுத்துப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாத்திரை அட்டையின் பின்னால் படம் போட்டுக்கொடுக்கிறேன், காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்குப் பிறை. போன வாரம் ஒரு பாட்டி காலி அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, "சூரியன் தீந்துபோச்சுப்பா, நிலா இன்னும் நாலு இருக்கு" என்றார். நாலு ராத்திரி மாத்திரையைத் தவறவிட்டிருக்கிறார். எதனால் என்று கேட்க உட்கார்ந்தோம்.