மூடிய பாடிக்கு எந்தத் தரை?

கேள்வி: கும்பகோணம் பக்கம் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன யானை வாங்கியிருக்கிறேன். மளிகை மழையில் நனையாமல் இருக்க மூடிய பாடி கட்டலாம் என்று நாமக்கல்லில் இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். ஒருவர், "3 எம்.எம். இரும்பு செக்கர் பிளேட் போட்டுடுங்க, ஆயுசுக்கும் கவலையில்ல" என்கிறார். இன்னொருவர் 18 எம்.எம். மெரைன் பிளையே (தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை) போதும் என்கிறார். அண்டா, குண்டான், இரும்பு அடுப்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் இழுத்துத்தான் ஏற்றுவோம். எது நிலைக்கும்?

பதில்: இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் இரண்டு பேருமே எடையைச் சொல்லவில்லை.

உங்கள் வண்டியின் தளம் ஏறக்குறைய 7 அடிக்கு 5 அடி, அதாவது 35 சதுர அடி. 3 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 23.5 கிலோ இருக்கும். செக்கர் பிளேட்டில் வழுக்காமல் இருக்க வரும் மேடும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, தரைக்கு மட்டும் சுமார் 80 கிலோ. அதே இடத்துக்கு 18 மி.மீ. பிளை என்றால் சுமார் 40 கிலோ, 3 மி.மீ. அலுமினியம் என்றால் 27 கிலோ. முக்கால் டன் ஏற்றும் வண்டியில் 40 கிலோ வித்தியாசம் என்பது ஒன்றரைச் சிப்பம் அரிசி. அந்த அரிசியை வண்டி இருக்கும் வரை ஒவ்வொரு நடையிலும் சும்மா சுமந்துகொண்டு போவீர்கள். பாடி கனத்துவிட்டது என்பதற்காக ஆர்.சி.யில் உள்ள மொத்த எடை வரம்பு கூடாது. ஓவர்லோடு என்று பிடித்தால் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது: அடியில் 12 மி.மீ. மெரைன் பிளை, அதன் மேல் 2 மி.மீ. அலுமினிய செக்கர் ஷீட். இரண்டும் சேர்ந்தே 45 கிலோதான் வரும். பிளை 12 மி.மீ. என்பதால் கீழே குறுக்குச் சட்டம் அடிக்கு ஒன்று இருக்க வேண்டும். அலுமினியம் மெத்தென்ற உலோகம். அடுப்புக் கால் கீறும், சிலிண்டரைத் தொப்பென்று வைத்தால் குழி விழும். ஆனால் துரு ஏறாது, சாம்பார் கொட்டினாலும் கழுவிவிடலாம். அடுப்பு ஏற்றும்போது மட்டும் ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் இழுங்கள். கதவோரத்தில் ஷீட் மடங்கி இரும்பு ஆங்கிளில் உட்காரும் இடத்தில் நடுவே ரப்பர் பட்டை வைக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டே இருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும்.

இனி முக்கியமான விஷயம். தரை நடுவில் கெடுவதில்லை, ஓரத்தில்தான் கெடுகிறது. என் தம்பி கரூரில் ஒரு வண்டிக்கு இப்படித்தான் பாடி கட்டினான். இரண்டாவது மழைக்காலத்தில் பின் கதவோரம் கால் வைத்தால் தரை மெத்தை மாதிரி அமுங்கியது. மேலே ஷீட் பளபளவென்று இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தபோது நானும் கூட நின்றேன். பிளையின் நடுப்பகுதி புதுசு போலவே இருந்தது. கதவை ஒட்டி நாலு விரல் அகலத்துக்கு மட்டும் ஊறவைத்த புளி போலக் கறுத்துப் பிசுபிசுத்துப் போயிருந்தது. ஸ்குரூவை விரலாலேயே உருவி எடுத்தேன்.

காரணம் எளிது. ரம்பத்தால் அறுத்த ஓரத்தில் மரத்தின் நரம்பு திறந்து கிடக்கும், அது தண்ணீரை உறிஞ்சும். மேலிருந்து கதவு வழியாக ஒழுகும் மழை போதாதென்று, கீழிருந்து டயர் வாரி அடிக்கும் சேறும் சேர்ந்துகொள்ளும். அதனால் பிளையை அளவுக்கு அறுத்த பிறகு, பொருத்துவதற்கு முன்னால், நாலு ஓரத்துக்கும் ஸ்குரூ ஓட்டைகளுக்கும் அடிப்பக்கம் முழுவதற்கும் எப்பாக்ஸி அல்லது எனாமல் பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். பொருத்திய பின் சுற்றிலும் இடுக்கை அடைக்கும் பி.யு. சீலன்ட் பசை விட வேண்டும். ஒரு டின் பெயின்ட், அரை நாள் வேலை, அவ்வளவுதான். கேட்டால்தான் செய்வார்கள், அன்றைக்கு மட்டும் பட்டறையில் போய் நில்லுங்கள்.

இன்னொன்று. பிளை 8 அடிக்கு 4 அடிதான் வரும், உங்கள் தளமோ 5 அடி அகலம். நீளவாக்கில் போட்டால் ஓரமாக ஒரு அடிக்கு ஒட்டுத் துண்டு வரும், அந்த இணைப்பு சட்டங்களுக்கு நடுவில் தொங்கும். குறுக்குவாக்கில் போடச் சொல்லுங்கள். இரண்டு ஷீட் செலவாகும், கழிவும் விழும். ஆனால் இணைப்பு ஒன்றே ஒன்றுதான், அதையும் ஒரு சட்டத்தின் மேலேயே உட்கார வைக்கலாம்.

மெரைன் பிளை என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 710 என்ற எண்ணும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, ஐ.எஸ்.ஐ. முத்திரை வழங்கும் பி.ஐ.எஸ். அமைப்பின் "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் தட்டிப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது பொது உபயோகப் பிளை. ஓரத்தில் கறுப்பாகக் கோடு தெரிந்தால் நல்ல பசை என்பார்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம், சாயம் கலந்தும் கறுப்பாக்கலாம். அறுத்த துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலுக்கு ஆகாத பழைய பாத்திரத்தில் ஒரு பகல் முழுக்கக் கொதிக்க விடுங்கள். 710 தரத்துப் பசை 72 மணி நேரக் கொதிநீரைத் தாங்க வேண்டியது. சாதாரணப் பிளை சாயங்காலத்துக்குள் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும்.

திறந்த பாடியை மூடிய பாடியாக மாற்றுவதை ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்பதால், பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பிளைத் தரையின் மேல் கெட்டியான ரப்பர் மேட் விரித்தால் போதாதா? (திருப்பூரில் இருந்து)

பதில்: பெட்டி, பண்டல் நழுவாமல் இருக்க நல்லது. ஒட்டிவிடாதீர்கள், சும்மா விரியுங்கள். மேட்டுக்கு அடியில் போன தண்ணீர் வெளியே வர வழியே இல்லை. மழை நாளில் நடை முடிந்ததும் சுருட்டி நிமிர்த்தி வைத்து, கதவைத் திறந்து போடுங்கள்.

கேள்வி: தூத்துக்குடியில் மீன் வியாபாரம். ஐஸ் உருகி வடிந்து இரும்புத் தரை செதில் செதிலாக உரிகிறது. மறுபடியும் இரும்பே போடலாமா?

பதில்: வேண்டாம். உப்புத் தண்ணீருக்கு இரும்பும் ஆகாது, ஓரம் திறந்த பிளையும் ஆகாது. பைபர் லைனிங் (கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த பூச்சு) செய்யுங்கள். தரையோடு நிறுத்தாமல் பக்கச் சுவரில் அரை அடி உயரம் வரை ஒரே தொட்டி போல ஏற்றச் சொல்லுங்கள், மூலையில் இணைப்பே இருக்கக் கூடாது. பின்பக்கம் கொஞ்சம் சரிவு, ஒரு மூலையில் அடைப்பான் வைத்த வடிகால் ஓட்டை. கழிவுநீரை ரோட்டில் ஒழுக விடாமல் நிறுத்திய இடத்தில் திறந்துவிடலாம். மேற்பரப்பு வழுக்காமல் இருக்கக் கடைசிப் பூச்சில் மணல் தூவச் சொல்லுங்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் போடலாம் என்று யாராவது சொன்னால், 304 ரக ஸ்டீலிலும் கடல் உப்பு புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: சொந்த வண்டி, நானே ஓட்டுகிறேன். மெரைன் பிளை என்று சொல்லித்தான் பாடி கட்டிக் கொடுத்தார்கள். பத்து மாதத்தில் தரை அடுக்குப் பிரிந்துவிட்டது. கேட்டால், "லோடு வண்டின்னா அப்படித்தான். நீங்க வியாபாரத்துக்கு வாங்குனவர், நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்கிறார். உண்மையா? (சேலம்)

பதில்: உண்மை இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குகிறது என்பது சரி. ஆனால் தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவர் அந்த விலக்கில் வரமாட்டார் என்று அதே சட்டமே விளக்குகிறது. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைக்கும் உங்களைப் போன்றவருக்காகத்தான் அந்த விளக்கம் இருக்கிறது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல நேரம் அங்கிருந்து ஒரு தகவல் போனாலே பேச்சு மாறும். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். குறை ஏற்பட்டதில் இருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

பில்லை எடுத்துப் பாருங்கள். "பாடி ஒர்க்" என்று மொத்தமாகப் போட்டிருந்தால் கொஞ்சம் சிரமம். அப்போது வாட்ஸ்அப்பில் பேசியது, எஸ்டிமேட் எழுதிய தாள், கட்டும்போது எடுத்த போட்டோ என்று எது கிடைத்தாலும் சேருங்கள். தரையைக் கழற்றும்போது தேதியோடு படம் எடுங்கள். பிரிந்த பிளையை விறகுக்குப் போட்டுவிடாதீர்கள். முத்திரை இருக்கும் துண்டும், முத்திரையே இல்லை என்றால் ஒரு முழு ஷீட்டும், வழக்கு முடியும் வரை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.