பக்கத்துத் தோட்டம் காய்த்தது டானிக்காலா?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "எங்களிடம் 60 அல்போன்சா மாமரம் இருக்கிறது. போன வருடம் காய்ப்பே இல்லாத பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு டானிக் அடித்தார், இந்த வருடம் கிளை ஒடிகிற மாதிரி காய்த்திருக்கிறது. லிட்டர் 1,400 ரூபாய். எல்லா மரத்துக்கும் வாங்கலாமா?"

இப்போதைக்கு மொத்தமாக வாங்காதீர்கள். டானிக் மோசம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் பார்த்ததை மட்டும் வைத்து அது வேலை செய்தது என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது.

அல்போன்சா குணம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு வருடம் அள்ளிக் கொடுக்கும், அடுத்த வருடம் கையை விரிக்கும் (பெங்களூரா, நீலம் ரகங்களில் இந்தத் தொல்லை குறைவு). காய் நிறையப் பிடித்த வருடம் மரத்தின் சேமிப்பெல்லாம் காய்க்கே போய்விடுகிறது, அறுவடைக்குப் பிறகு தளிர் சரியாக வராது, வந்தாலும் மார்கழி, தை பூக்கும் பருவத்துக்குள் முற்றாது, முற்றாத தளிரில் பூ எங்கிருந்து வரும்? அதனால் போன வருடம் சும்மா நின்ற மரம் இந்த வருடம் காய்ப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காய்ப்பு பொய்த்த வருடம்தான் ஆளுக்கு வெறுப்பு வந்து டானிக் தேடுவார். அப்போது பச்சைத் தண்ணீர் அடித்திருந்தாலும் மரம் காய்த்திருக்கும், பேர் டானிக்குக்குப் போயிருக்கும்.

அப்புறம், காசு போட்டு டானிக் வாங்கியவர் அதே வருடம் கவாத்தும் செய்திருப்பார், தத்துப்பூச்சிக்கு மருந்தும் நேரத்துக்கு அடித்திருப்பார். எது கைகொடுத்தது என்று எப்படிப் பிரிப்பது? டீலர் போனில் காட்டுகிற போட்டோ பற்றிச் சொல்லவே வேண்டாம், காய்க்காத தோட்டத்தை எந்த டீலர் படம் எடுத்து வைத்துக்கொள்வார்.

சரி, உங்கள் தோட்டத்திலேயே பார்த்துவிடலாம். 20 மரத்தை 10 ஜோடியாகப் பிரியுங்கள். ஜோடியில் இரண்டும் ஒரே வயது, ஒரே பருமன், முக்கியமாகப் போன வருடம் ஏறக்குறைய ஒரே அளவு காய்த்தவையாக இருக்கட்டும். எந்த மரத்துக்கு டானிக் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், நாணயம் சுண்டுங்கள். நம் கை தெரியாமலே நல்ல மரத்தின் பக்கம்தான் போகும். மற்ற மரத்துக்கு அதே நாளில் அதே அளவு வெறும் தண்ணீர் அடியுங்கள், காற்றில்லாத காலையில், ஒன்றின் சாரல் மற்றதில் விழாதபடி. அடிமரத்தில் எண் மட்டும் எழுதுங்கள். எந்த எண் டானிக் என்பது உங்கள் நோட்டில் இருந்தால் போதும், காய் பறித்து எடை போடுகிறவருக்குத் தெரிய வேண்டாம். உரம், பாசனம், பூச்சி மருந்து எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அறுவடையில் 10 ஜோடியில் 6-ல் டானிக் மரம் முந்தினால் சந்தோஷப்படாதீர்கள், டானிக்கில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 6 அல்லது அதற்கு மேல் வருவதற்கு 100-க்கு 38 வாய்ப்பு இருக்கிறது. 8 என்றால் யோசிக்கலாம். 9 அல்லது 10 வந்தால், தற்செயலாக அப்படி வருவதற்கு 100-க்கு 1 தான் வாய்ப்பு, அடுத்த வருடமும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு நம்பலாம். ஜெயித்தால் மட்டும் போதாது, கூடுதலாக வந்த கிலோவை மண்டி விலையால் பெருக்கி, டானிக் செலவையும் அடிகூலியையும் கழித்து என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

இப்படிச் சீட்டுப் போட்டுச் சோதிக்கும் முறையே வயலில் வளர்ந்ததுதான். 1919-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் பயிர்ச் சோதனைகளுக்காக இதை ஒழுங்குபடுத்தினார். இதே முறையில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கொடுத்துப் பார்த்த புகழ்பெற்ற மருத்துவச் சோதனை 1948-ல்தான் வெளியானது.

பூக்க வைப்பதாகச் சொல்லும் எல்லாமே ஏமாற்று என்றும் நினைத்துவிடாதீர்கள். பேக்லோபியூட்ரசால் என்ற மருந்து, மரத்துக்குள் தளிரை வளர்க்கும் ஹார்மோனான ஜிப்ரலின் உண்டாவதைத் தடுத்து, தளிர் ஓட்டத்தைக் குறைத்து மாமரத்தைப் பூக்க வைக்கிறது, பல நாடுகளில் சோதித்துப் பார்த்த விஷயம் இது. அளவு தப்பினால் மரத்துக்குக் கேடு, பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் கேட்காமல் ஊற்றாதீர்கள்.

டானிக் பாட்டிலில் என்னென்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன, பதிவு விவரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே, சோதனைக்கு 10 மரத்துக்கு மட்டும் சரக்கை இலவசமாகத் தருவீர்களா என்றும் டீலரிடம் கேட்டுப் பாருங்கள்.