வாழ்க்கை வரலாற்றுப் படங்களில் இல்லாத உறவுகளை ஏன் புகுத்துகிறார்கள்?

உண்மை மனிதரின் கதையைச் சொல்லும் படத்தில் நடக்காத காதலையும் நட்பையும் ஏன் சேர்க்கிறார்கள், அதை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவரின் மனப்போராட்டத்தை நாட்குறிப்பிலோ கடிதத்திலோ வாசித்துவிடலாம். திரையிலோ அதை வெளிக்கொணர, எதிரே நின்று பேச ஓர் ஆள் தேவைப்படுகிறார். அதற்காக நான்கைந்து நண்பர்களை ஒரே பாத்திரமாகச் சுருக்குவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை.

உறவையே புனையும்போதுதான் சிக்கல் வருகிறது. 1995இல் வெளிவந்த ‘பிரேவ்ஹார்ட்’ படத்தில், ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸின் குழந்தையை இங்கிலாந்து இளவரசரின் மனைவி இசபெல்லா சுமப்பதாக வருகிறது. வாலஸுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 1305இல் இசபெல்லா ஏறக்குறைய பத்து வயதுச் சிறுமி. அவருக்குத் திருமணம் நடந்தது 1308இல், மூத்த மகன் பிறந்தது 1312இல். கணக்குப் பார்த்தாலே கதை உதிர்ந்துவிடுகிறது. கணக்குப் பார்த்துக்கொண்டு யார் படம் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதைவிட எனக்கு உறுத்தலானது, 2014இல் வந்த ‘தி இமிட்டேஷன் கேம்’. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் சங்கேதச் செய்திகளை உடைத்த பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் கதை அது. உடன் பணியாற்றிய ஜோன் கிளார்க்குடன் அவருக்குத் திருமணம் நிச்சயமாகி, பின்பு முறிந்தது உண்மையே. ஆனால் சோவியத் உளவாளியான ஜான் கெய்ர்ன்கிராஸ் டூரிங்கின் குழுவிலேயே இருந்ததாகவும், அந்த உளவாளியின் மிரட்டலுக்கு அஞ்சி டூரிங் வாய்மூடி இருந்ததாகவும் காட்டுவது கற்பனை. இருவரும் வெவ்வேறு பிரிவுகளில் பணியாற்றியவர்கள். பொய்க் காதல் வரலாற்றைப் பிசகச் செய்கிறது. இந்தப் பொய்யோ, மறுத்துப் பேச உயிரோடு இல்லாத ஒருவர் மீது துரோகப் பழியைச் சுமத்துகிறது.