வானொலி வளர்த்த ரசனை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

நான் டர்பனின் ஃபீனிக்ஸில் வளர்ந்தவன். கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டே ராப் எழுதிப் பார்க்கிறேன். கேப் டவுனில் இருக்கும் என் சித்தி மகன் கேட்கும் ஹிப்-ஹாப்பும், ஜோகன்னஸ்பர்க் நண்பர்கள் கேட்பதும், டர்பனில் நாங்கள் கேட்பதும் ஒன்றோடொன்று சேர்வதே இல்லை. அமெரிக்காவிலும் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், தென் மாநிலங்கள் என்று இதே பிரிவு இருக்கிறது. ஒவ்வோர் ஊர்க்காரருக்கும் ஒரு தாளம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். டர்பனுக்கு ஆட்ட இசைதான் ஒத்துவரும். சொல் கனத்த ராப் இங்கே எடுபடாது. வானொலியும் மக்கள் விரும்புவதைத்தான் போடுகிறது. இது சரியா? நம் தென்னாப்பிரிக்காவில் சிறந்த ராப் கலைஞர் யார்? தமிழில் எழுதினால் இங்கே யாராவது கேட்பார்களா? நான் எழுதிய இரண்டு பத்திகளை இணைத்திருக்கிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள தம்பி,

எங்கள் பகுதிக் கோவில் மண்டபத்தில் நடந்த சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில், மேடையில் ஒலித்த பாட்டு ஒவ்வொன்றும் சென்னையிலிருந்து வந்ததாகவே இருந்ததைக் கேட்டுவிட்டு, மனம் சரியில்லாமல் வீடு திரும்பிய வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். சிறந்தவர் யார் என்ற கேள்வியை விட்டுவிடுகிறேன். அதை நண்பர்களோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "ரத்தத்திலேயே இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் கடந்து போக முடியவில்லை. எந்த மனிதருக்கு எது ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த நாட்டில் வீடுகளைப் பிரித்தார்கள், பள்ளிகளைப் பிரித்தார்கள், கடற்கரையைப் பிரித்தார்கள். டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் குடியிருந்த எங்கள் குடும்பத்தைப் பெயர்த்தெடுத்து, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்தில் கொண்டுபோய் இறக்கியதும் அந்தப் பேச்சை நம்பியவர்கள்தான். ஃபீனிக்ஸில் வளர்ந்த பிள்ளை அந்தச் சொல்லை இவ்வளவு இலகுவாக எழுதலாமா? உங்கள் மேல் கோபம் இல்லை, தம்பி. பாட்டைப் பற்றிப் பேசும்போதுகூட அது நம் வாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறதே என்ற வருத்தம்தான்.

அமெரிக்காவைச் சான்றாகக் காட்டினீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980-களில் நியூயார்க்கின் பெரிய நிலையங்கள் ராப்புக்கு வார இறுதி இரவுகளில் சில மணி நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது, லாஸ் ஏஞ்சலிஸில் கே.டி.ஏ.ஒய். என்ற மத்திய அலை நிலையம் நாள் முழுவதும் அதை ஒலிபரப்பத் துணிந்தது. அதன் இசைப் பொறுப்பாளர் கிரெக் மேக், பக்கத்து ஊரான காம்ப்டன் இளைஞர்களின் பதிவுகளைப் பெரிய இசை நிறுவனங்கள் கண்டுகொள்ளும் முன்பே காற்றில் ஏற்றினார். ஹூஸ்டனில் வானொலியை நம்பாமல், டிஜே ஸ்க்ரூ வேகம் குறைத்துக் கலந்த பாடல்கள் கேசட்டாகக் கைக்குக் கை பரவி அந்த நகரத்தின் காதையே மாற்றின. 1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையங்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் என்ற ஒரு நிறுவனத்தின் கையில் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்தன. அங்கிருந்த மக்களின் ரத்தம் 1996-இல் மாறிவிடவில்லை. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் மேசைதான் ஊரை விட்டு வெகுதூரம் போய்விட்டது.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1960-இல் நிறவெறி அரசு 'ரேடியோ பாண்டு'வை உருவாக்கி, ஜூலு, கோசா, சோத்தோ, ட்ஸ்வானா என்று மொழிக்கு ஒன்றாக ஒலிபரப்பைப் பிரித்தது. அடுத்த ஆண்டிலிருந்து பண்பலைக் கோபுரங்கள் எழுந்தன. சிற்றலை கண்டம் தாண்டும். பண்பலை சில மலைகளைத் தாண்டுவதற்கே திணறும். ஆட்சியாளர்களுக்கு அந்தக் குறைபாடுதான் வசதியாக இருந்தது: ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அவர்கள் ஒதுக்கிய மொழியை மட்டும் அனுப்பலாம், மக்கள் சிற்றலையில் வெளிநாட்டு ஒலிபரப்புகளைத் தேடிப் போவதையும் குறைக்கலாம். இப்படி ஒரு தலைமுறை முழுவதும் ஓர் அலைவரிசையிலேயே வளர்ந்த பிறகு, அந்த அலைவரிசை கொடுத்த பழக்கத்தை இயல்பு என்றும் மண்வாசனை என்றும் சொல்லத் தொடங்கிவிட்டோம்.

உங்கள் சித்தி மகனின் கேப் டவுனைப் பாருங்கள். டிஸ்ட்ரிக்ட் சிக்ஸிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் மிட்சல்ஸ் பிளெய்னிலும் சுற்றுப்புறங்களிலும் 1980-களிலேயே ஆட்டத்தோடும் சுவர் ஓவியத்தோடும் ராப்பைக் கையில் எடுத்தார்கள். பிராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி என்ற ராப் குழு அங்கிருந்துதான் வந்தது. அவர்கள் 1993-இல் வெளியிட்ட தொகுப்பின் பாடல்களை அரசு வானொலி ஒலிபரப்ப மறுத்தது. அதே நகரத்தில் ஒலிப்பதிவு நாடாக்களில் செய்தியும் கல்வியும் சுற்றுக்கு விட்டுக்கொண்டிருந்த போராளிகள் 1993-இல் உரிமம் இல்லாமலே ஒலிபரப்பைத் தொடங்கி, 1995-இல் உரிமம் பெற்று, புஷ் ரேடியோ என்ற சமூக வானொலியாக நிலைத்து, உள்ளூர் ராப்புக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அந்நகரின் புறநகரான கேப் ஃப்ளாட்ஸில் தெருவில் பேசும் ஆப்பிரிகான்ஸ் மொழியில் ராப் பாடுவது இன்று அந்த ஊரின் அடையாளமாக இருக்கிறதென்றால், அதற்குப் பின்னால் மறுத்த ஒரு நிலையமும் இடம் கொடுத்த ஒரு நிலையமும் இருக்கின்றன. ஜோகன்னஸ்பர்க்கில் 1997-இல் வந்த ஒய்.எஃப்.எம். வானொலி, கறுப்பர் குடியிருப்புகளில் பிறந்த ஆட்ட இசையான க்வைட்டோவையும் ராப்பையும் அடுத்தடுத்துப் போட்டு வளர்த்தது. அங்கே இரண்டுக்கும் இடையே சுவர் எழும்பாததில் எனக்கு வியப்பில்லை. மாஃபிகெங்கில் பிறந்த மொட்ஸ்வாகோ என்ற ராப் வகை, ட்ஸ்வானாவையும் ஆங்கிலத்தையும் ஒரே வரியில் பின்னுவது. ட்ஸ்வானா மக்களுக்கென்று நிறவெறி ஆட்சி பிரித்து வைத்த போப்புதட்ஸ்வானாவின் அரசு தனக்கென்று நடத்திய ரேடியோ போப் அமெரிக்கக் கறுப்பர் இசையை அந்த மக்களின் வீட்டுக்குள் கொண்டுவந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது என் உறுதியான நம்பிக்கை.

டர்பனுக்குச் சொல் கனத்த ராப் ஒத்துவராது என்கிறீர்கள். குவாமாஷுவிலிருந்து ஜூலுவில் ராப் செய்யும் ஸாக்வே உங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்துக்காரர். நாஸ்டி சி வளர்ந்தது இந்த நகரத்தில்தான். நீங்கள் கேட்கவில்லை என்பதற்காக டர்பன் கேட்கவில்லை என்று எழுதக் கூடாது. உக்கோஸி எஃப்.எம். 70 லட்சத்துக்கும் மேற்பட்ட நேயர்களைக் கொண்டது, நாட்டின் மிகப் பெரிய வானொலி, டர்பனிலிருந்து ஒலிபரப்பாவது. ஃபீனிக்ஸில் எத்தனை தமிழ் வீடுகளில் அது ஒரு நாளாவது ஒலித்திருக்கிறது? சாட்ஸ்வர்த்துக்கும் கறுப்பர் குடியிருப்பான உம்லாஸிக்கும் நடுவே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு மட்டும்தான். இரு கரையின் ஒலிபரப்பும் இரு கரையிலும் தெளிவாகக் கேட்கும்; முள்ளைச் சற்றே நகர்த்தினால் போதும். எங்கள் வீட்டில் யாரும் நகர்த்தியதில்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் கறுப்பர்கள் கொல்லப்பட்டதை நினைக்கும்போது, அண்டை வீட்டுப் பாட்டு தெரியாமலே அறுபது ஆண்டு வாழ்ந்துவிட்டோமே என்பது என்னை வாட்டுகிறது.

வானொலி எல்லாம் வல்லது என்று நான் சொல்லவரவில்லை. உம்லாஸியிலும் குவாமாஷுவிலும் படுக்கையறைக் கணினிகளில் உருவான க்கோம் என்ற ஆட்ட இசை, நிலையங்கள் தயங்கிய காலத்தில் டேக்ஸி ஓட்டுநர்களின் கையில் இருந்த யு.எஸ்.பி. வழியாகவே நகரத்தைப் பிடித்தது. எங்கள் காலத்தில் அந்த வேலையைப் பேருந்துகள் செய்தன. நான் 1980-களின் தொடக்கத்தில் நகரத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். சாட்ஸ்வர்த்திலிருந்து நகரத்துக்கு ஓடிய பேருந்துகள் நம்மவர்களுடையவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வண்ணம், பின்னிருக்கைக்கு மேல் மார்பை அதிரவைக்கும் ஒலிபெருக்கிகள். பையன்கள் வந்த பேருந்தில் ஏற மாட்டார்கள். தங்களுக்குப் பிடித்த பாட்டுள்ள பேருந்து வரும்வரை நின்றுகொண்டே இருப்பார்கள். நாங்கள் பெண்கள், மேற்பார்வையாளரின் ஏச்சுக்குப் பயந்து கிடைத்த பேருந்தில் தொற்றிக்கொள்வோம். அப்படித் தொற்றிக்கொண்ட ஒரு பேருந்தில்தான், பாடாமல் பேசிக்கொண்டே தாளத்தில் நடக்கும் ஒரு குரலை முதன்முறையாகக் கேட்டேன். ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. வாடகை கட்ட முடியாமல், அடுக்குமாடிப் படிக்கட்டின் நாற்றத்தைச் சகித்துக்கொண்டு வாழும் ஒருவனின் கோபம் அது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் நானும் அப்படி ஒரு படிக்கட்டைத்தான் அன்று காலை இறங்கி வந்திருந்தேன். என் பக்கத்தில் இருந்த தோழி, வெற்றிலைக் கறை படிந்த பல் தெரியச் சிரித்து, "இவன் நம்ம ஒப்பாரிக் கிழவி மாதிரியே பேசுறானே" என்றாள். அந்தப் பாட்டை அவளுக்குக் கொடுத்தது எந்த நிலையமும் அல்ல, ஓர் ஓட்டுநர். அதை அவள் ரத்தத்தில் யாரும் ஊற்றி வைத்திருக்கவில்லை. தாய் வீட்டுச் சாவுகளில் கேட்டுப் பழகிய காது அதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டது.

அந்தச் சமயத்தில்தான், 1983-இல், நமக்கென்று ரேடியோ லோட்டஸ் வந்தது. இந்தியருக்கும் கலப்பினத்தாருக்கும் தனி அவை என்று முச்சபை அரசியல் சட்டத்தைக் கொண்டுவந்த அதே ஆண்டு. நம் பாட்டு வீட்டுக்குள் ஒலிக்கிறது என்று என் தாயார் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணீரைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த வானொலியை நாம் எதற்குப் பயன்படுத்தினோம்? சென்னையிலும் பம்பாயிலும் செய்ததை வாங்கிப் போடுவதற்கு. 2016-இல் அரசு ஒலிபரப்புக் கழகம் நூற்றுக்குத் தொண்ணூறு உள்ளூர் இசை போட வேண்டும் என்று அறிவித்தபோது ஜோகன்னஸ்பர்க் ராப் கலைஞர்கள் மகிழ்ந்தார்கள். லோட்டஸ் நேயர்கள் கொதித்தார்கள். அந்த ஆணை அவசரமானது, மொழிச் சிறுபான்மையினரை எண்ணிப் பாராதது, ஒப்புக்கொள்கிறேன். எனினும் அந்தக் கொதிப்புக்கு நடுவே நம்மை நாமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: 1860-இல் கப்பல் இறங்கியவர்களின் வழிவந்த நாம், கரும்புத் தோட்டத்தையும் பாரக்ஸையும் தையல் ஆலையையும் கண்ட நாம், தமிழில் பாடிப் பதிவுசெய்து வைத்திருப்பது எவ்வளவு? திருவிழாக் காவடியில் பாடுகிறோம், சாவு வீட்டில் பாடுகிறோம், ஒலிவாங்கிக்கு முன்னால் மட்டும் சென்னைக்காரராகிவிடுகிறோம். மலேசியாவில் 2006-இல் யோகி பி குழுவினரின் தமிழ் ராப் தொகுப்பு வெளிவந்தபோது, அங்கே நாள் முழுவதும் தமிழில் பேசும் வானொலி இருந்தது. தெருத் தமிழைக் காற்றில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அதை எழுதவும் கூசவில்லை. நமக்கு வாய்த்ததோ ஆங்கிலத்தில் பேசிவிட்டுத் தமிழ்ப் பாட்டைப் போடும் அறிவிப்பு. மக்கள் விரும்புவதைத்தான் வானொலி போடுகிறது என்று எழுதினீர்கள். தன் குரலையே காற்றில் கேட்டறியாத பிள்ளை அதை எப்படி விரும்பிக் கேட்கும்?

டர்பனில் இந்தி பேசுவோர் ஹிந்த்வாணி என்று தங்களுக்கென ஒரு சமூக வானொலியை நடத்துகிறார்கள். நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் தயாரிப்பதிலும் அந்தச் சமூகத்தினர் பங்கேற்கலாம் என்பது சமூக வானொலிக்கான சட்டத்திலேயே இருக்கிறது. இதை நம் சங்கக் கூட்டங்களில் நான் பேசும்போதெல்லாம், பெரியவர்கள் அடுத்த ஆண்டின் இசைநிகழ்ச்சிக்குச் சென்னையிலிருந்து யாரை அழைப்பது என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்கள் அந்தக் கூட்டங்களுக்கு வருவதே இல்லை. வாருங்கள்.

யாராவது கேட்பார்களா என்ற கேள்விக்குப் பாட்டைப் பதிவுசெய்த பிறகு விடை தேடலாம். நீங்கள் அனுப்பிய இரண்டாம் பத்தியில் வரும் மெரினாவும் மழையும் திரைப்படத்திலிருந்து வந்தவை, அதை அடித்துவிடுங்கள். முதல் பத்தியில் உங்கள் தாத்தா குவாமாஷு சாலையில் காய்கறி விற்றதையும், வாங்க வருபவர்களிடம் அவர் ஜூலுவில் விலை சொல்லித் தமிழில் முணுமுணுத்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஜூலுச் சொற்களை அப்படியே விடுங்கள், இலக்கணம் பார்த்துத் திருத்தாதீர்கள். நான்காவது வரியில் மட்டும் ஓசை ஒரு சொல் நீளமாக இழுக்கிறது. சரிசெய்து, உங்கள் குரலில் பதிவுசெய்து அனுப்புங்கள்.

அன்புடன்.